சேதாரம் என்ற கட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பதினாறு வயதுப் பையன் ஒருவன், திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் கையில் காசில்லாமல் நின்றான். காதில் கிடந்த கல் வைத்த தங்கக் கடுக்கனைக் கழற்றி முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் அடகு வைத்தான். இருபது ரூபாய் பெறுமான நகைக்கு நாலு ரூபாய் வாங்கிக்கொண்டு, மறுநாள் செப்டம்பர் 1 அன்று உன் ஊரான திருவண்ணாமலைக்கு ரயிலில் வந்து இறங்கினான். மீட்கப்போவதில்லை என்று முடிவானதால் விலாசம் எழுதிய சீட்டையும் கிழித்துப் போட்டான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான். கோவணம் ஒன்றோடு வாழ்ந்த அந்த மனிதரின் வரலாற்றில் அவர் கடைசியாக அணிந்த நகைக்கு அடகுத் தொகையும் மதிப்பும் பதிவாகியிருக்கின்றன. கடுக்கனைச் செய்த பத்தர் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் வியப்பும் இல்லை. நம் வீடுகளில் நகையைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி இன்றைக்கும் “எத்தனை சவரன்?” என்பதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் நீ நவீன நகை வடிவமைப்பாளர் என்று பலகை மாட்டியிருக்கிறாய். ஸ்டேட்மென்ட் நகை செய்வேன் என்கிறாய். நம் பக்கத்தில் ஸ்டேட்மென்ட் என்றால் பேங்க் கொடுப்பது. நகையும் பெரும்பாலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. கழுத்தைப் பார்த்தால் குடும்பத்தின் கையிருப்பு தெரிந்துவிடும். உன் துறையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அணிந்தவரைப் பார்த்த கண்ணை நிறுத்தி, ஒரு கருத்தைச் சொல்லிவிடும் நகை என்று அர்த்தம். அது பெரிதாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு தவறு. உனக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: தங்கத்தின் விலையையும் உன் கையும் மூளையும் செய்த வேலையின் விலையையும் பிரித்து வை. பிரித்ததை வாங்குபவருக்குக் காட்டு. அது நடக்காதவரை இங்கே எந்த நகையும் கையிருப்பைத் தவிர வேறெதையும் சொல்லாது.

இந்த யோசனையை ஒரே பொருளில் வைத்துக் காட்டியவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஓட்டோ குன்ஸ்லி. 1980-இல் அவர் செய்த வளையல் வெறும் கறுப்பு ரப்பர் குழாய். அதற்குள் ஒரு தங்கக் குண்டு இருக்கிறது. வெளியே ஒரு புடைப்பு மட்டும் தெரியும். ‘தங்கம் கண்ணை மறைக்கும்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். உள்ளே தங்கம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ரப்பரை அறுக்க வேண்டும். அறுத்தால் வளையல் போய்விடும். தமிழ் வாசகருக்கு இது புதிய புதிர் இல்லை. சிலப்பதிகாரத்தின் வழக்கே வெளியே ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சிலம்புகளின் வயிற்றில் இருப்பது மாணிக்கமா முத்தா என்பதுதான். அங்கே உடைத்துத்தான் உண்மை வெளிவந்தது. கோவலன் உயிர் போன பிறகு வந்தது. குன்ஸ்லியின் வளையலை வாங்குபவர் செய்தவரின் சொல்லை நம்பி வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் விலை. இளங்கோவின் கதையில் பொற்கொல்லன் வில்லனாக நிற்பதையும், தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழி ஒரு தொழிலையே பழிப்பதையும் நினைத்துப் பார். பழமொழி அநியாயமானது. ஆனால் அது பிறந்த இடம், உள்ளே இருப்பது தெரியாத நகையைக் கையில் வைத்திருப்பவரின் பயம்.

அந்தப் பயத்தை இன்றைய நகைக்கடை பில் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறது. எடை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம், வரி. சேதாரம் என்பது பட்டறைச் சொல். அரத்தில் உதிர்ந்த பொடி, பற்றவைப்பில் கரைந்தது, மெருகில் போனது ஆகியவற்றுக்கான ஈடு. ஒரு காலத்தில் அது உண்மையான இழப்பு. நகைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி அரித்துப் பொன் எடுத்துப் பிழைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு உதிர்ந்திருக்கும் என்று பார்த்துக்கொள். இன்று இயந்திரத்தில் வார்த்து எடுத்த நகைக்கும் சேதாரம் போடுகிறார்கள். உதிர்ந்த பொடி பட்டறையிலேயே சேகரிக்கப்பட்டு மறுபடியும் உருக்கப்படுகிறது. அப்படியானால் அந்தக் கட்டத்தில் வாங்குபவர் கொடுக்கும் பணம் எதற்கு? வடிவத்துக்கு, வேலைப்பாட்டுக்கு, கடையின் லாபத்துக்கு. தமிழர்கள் வேலைக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்று உன்னிடம் சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில்: கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொடுப்பது வேலைக்கு என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. இழப்பு என்ற பெயரில் வாங்கிவிட்டால், நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் வித்தியாசம் கேட்கும் பழக்கம் எப்படி வரும்?

இதற்கு வரும் வலுவான மறுப்பு உனக்கே தெரியும். தங்கம் பெண்ணின் கையிருப்பு. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளையின் காலேஜ் பீஸுக்கும் இரவோடு இரவாக உதவுவது அதுதான். ரப்பரையும் கொம்பையும் கழுத்தில் மாட்டச் சொல்வது வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு. இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். அதை எதிர்த்து நின்றவர்கள் தோற்ற கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்வதைத் தடுத்தன. மக்கள் 14 காரட்டை விரும்பவில்லை. பட்டறைகள் மூடின, பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன, தற்கொலைகள் நடந்தன. தடை பிறகு தளர்ந்தது. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்பட்டது. சட்டத்தாலேயே மாற்ற முடியாத பாட்டியின் கணக்கை நீ ஒரு கண்காட்சி வைத்து மாற்றப்போவதில்லை, மாற்றவும் வேண்டாம். ஆனால் சவரன் எழுபதாயிரத்தைத் தாண்டிய 2025-இல், 9 காரட் நகைக்கும் ஹால்மார்க் முத்திரை உண்டு என்று அரசே அறிவித்தது. அறுபது ஆண்டுக்கு முன் சட்டம் போட்டும் நடக்காததை இப்போது விலை நடத்திக்கொண்டிருக்கிறது. சேமிப்புக்கு நாணயமும் கட்டியும் வாங்கிவிட்டு, அணிவதற்கு வேறு நகை தேடும் பெண்கள் உன் கடைப் படியேறும்போது, அவர்களுக்குக் கொடுக்க உன்னிடம் எடை குறைந்த அதே மாங்காய் மாலைதான் இருக்கப்போகிறதா?

சேமிப்பும் பேச்சும் ஒரே நகைக்குள் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்பதற்குச் சான்று தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். நகரத்தார் ஆண்கள் அறுபதாம் கல்யாணத்தில் அணியும் கௌரிசங்கத்தைப் பார். உருத்திராட்சக் கொட்டைகளைக் கோத்து இடையிடையே தங்கம் சேர்த்த மாலை. தங்கத்தின் வேலை அங்கே கொட்டைக்குக் காவல் நிற்பது; கண் போய் நிற்பது சுருக்கம் விழுந்த அந்த விதையில். தங்கத்தைத் தனியே கழற்றி நிறுத்தால் அதன் விலை அதற்கு உண்டு, விதையின் மரியாதை விதைக்கு உண்டு. ஒரு மனிதரின் வயது, நம்பிக்கை, குலம் மூன்றையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் நவீன நகை எனக்குத் தெரிந்து குறைவு. அதே உருத்திராட்சம் உன் ஊரில் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகத் தொங்குகிறது. நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து இறங்கி, பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஸ்படிகத்தோடும் ஓம் டாலரோடும் சேர்ந்து விற்கிறது. அந்த ஓம் டாலரை வெள்ளியில் கொஞ்சம் அழகாகச் செய்துவிட்டால் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர் வாங்குவார்கள் என்று உனக்கு யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். வாங்குவார்கள்தான். அதைச் செய்ய நீ படித்திருக்க வேண்டியதில்லை.

வடிவம் வேண்டுமா, பாம்படத்தை எடுத்துக்கொள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பக்கத்துப் பாட்டிகளின் தோளைத் தொடும் காதில் ஆடிய நகை. மெல்லிய தங்கத் தகட்டில் உருண்டை, சதுரம், கூம்பு என்று தனித்தனியே செய்து ஒன்றோடொன்று பற்றவைத்து, உள்ளே அரக்கு நிரப்பியது. இலை இல்லை, பூ இல்லை, மயில் இல்லை. பெயரில் மட்டும் ஒரு பாம்பு படமெடுக்கிறது. கண்ணுக்குத் தெரிவது சுத்தமான கணக்கு வடிவங்கள். நெதர்லாந்தில் கெய்ஸ் பாக்கரும் எமி வான் லேர்சுமும் 1967-இல் அலுமினியக் குழாயை வளைத்துப் பெரிய கழுத்துப் பட்டைகள் செய்தபோது நகையுலகம் அதிர்ந்தது. நம் கிராமத்துப் பெண்கள் அதைவிடத் துணிச்சலான வடிவத்தைக் காதில் மாட்டிக்கொண்டு களை பறித்தார்கள். 2023-இல் வந்த ‘தண்டட்டி’ படம் பாம்படத்தின் குடும்பத்து நகை ஒன்றைச் சுற்றியே ஓடுகிறது. அங்கேயும் கேள்வி அது யார் கைக்குப் போனது என்பதுதான்! பாட்டி போனதும் பாம்படம் உருக்கும் மூசைக்குப் போகிறது, பேத்திக்கு நெக்லஸாகத் திரும்புகிறது. உன்னால் அதைத் தடுக்க முடியாது. உருகுவதற்கு முன் வரைந்து, நிறுத்து, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு எப்படிச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்ள முடியும். ஜெய்ப்பூரில் 1978-இல் அம்ரபாலியைத் தொடங்கிய ராஜீவ் அரோராவும் ராஜேஷ் அஜ்மீராவும் முதலில் செய்தது பழங்குடி மக்களின் வெள்ளி நகைகளைத் தேடிச் சேர்த்ததுதான். அந்தச் சேகரிப்பு இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

கோயில் நகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாகர்கோவில் வடசேரியில் வெள்ளிச் சட்டத்தில் கெம்புக் கல் பதித்துத் தங்கரேக்கு ஒட்டும் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, தகுதியுள்ள வேலை. ஆனால் அதை மாறாத மரபு என்று நினைக்காதே. தெய்வத்துக்குச் செய்தது 1930-களில் ருக்மிணி தேவி போன்றவர்கள் நாட்டிய உடையைத் திருத்தி அமைத்தபோது மேடைக்கு ஏற்ப மாறியது, மேடையிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் இந்த உடலுக்கு, இந்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனையைக் கற்க உனக்கு வசதியான இடம் இருக்கிறது. உன் ஊர்க் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தின் வாயிலுக்குள் நுழையும்போது இரு பக்கமும் நாட்டியக் கரணச் சிற்பங்கள். கூட்டம் குறைந்த ஒரு காலையில் நின்று பார். கழுத்து, தோள், இடை, கணுக்கால் என்று உடல் மடங்கும் இடங்களில் அணி உட்கார்ந்திருக்கிறது. கல்லில் தங்கமும் கிடையாது, கெம்பும் கிடையாது. இருந்தும் நகை நகையாகத் தெரிகிறது என்றால், அங்கே வேலை செய்வது வடிவம் மட்டுமே.

நகைக்குப் பின்னால் ஒரு கருத்து வேண்டும் என்று சொன்னால், அது மேல்தட்டுப் பேச்சு, சாதாரணப் பெண்ணுக்குப் புரியாது என்பார்கள். தாலி புரிகிறவருக்கு எது புரியாது? கொல்கத்தாவின் ஈனா அலுவாலியா கிர்பான் என்னும் சீக்கியக் குறுவாளைப் பெண்களின் கழுத்துக்குப் பதக்கமாக்கியபோது அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. நீ கவனிக்க வேண்டிய இடம் வேறு. கோயிலைச் சுற்றி உட்கார்ந்து பாசிமணி கோக்கும் நரிக்குறவர் பெண்களின் விரல்களில் நிற அடுக்கு பற்றிய ஓர் அறிவு இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தோன்றும். எடுத்தால் கூலியோடும் பெயரோடும் எடு. செய்தவர் பெயர் தெரியாமல் போவதைப் பற்றியும்தான் இந்தக் கடிதம். அதே தவறை அடுத்த தெருவில் நீ செய்துவிடக் கூடாது.

பிரித்துக் காட்டு என்று சொன்னேன். அதற்கும் முன்மாதிரி ஆயிரம் வருடத்துக்கு முந்தியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்வெட்டு பதிந்திருக்கும் விதத்தைப் படி. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணி பதித்த நகைகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை கணக்கு. முத்து என்று மொத்தமாக எழுதிவிடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகை வகையாக எண்ணியிருக்கிறார்கள். கறடு என்றால் கரடுமுரடானது, சப்பத்தி சப்பையானது. கடவுளுக்குக் கொடுத்த நகையில் இருந்த சப்பை முத்தைச் சப்பை என்றே கல்லில் வெட்டிய நேர்மை அது. உனக்கு இன்றைய சட்டத்தில் சலுகைகள் உண்டு. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கும், குந்தன் போன்ற வேலைக்கும், ஆண்டு விற்பனை நாற்பது லட்சத்துக்கு உட்பட்ட சிறு கடைக்கும் ஹால்மார்க் கட்டாயமில்லை. சலுகையை எடுத்துக்கொள்ளாதே. முடிந்ததற்கெல்லாம் முத்திரை வாங்கு. முடியாததற்குத் தங்கம் இவ்வளவு, கல் இவ்வளவு, அரக்கு இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று எழுதிக் கொடு. தங்கம் தனியே கழன்று வரும்படி முடிந்தவரை வடிவமை. உன்னோடு பட்டறையில் உட்காரும் பத்தரின் பெயரை உன் பெயருக்குப் பக்கத்தில் போடு.

பில் புத்தகம் அச்சுக்குக் கொடுக்கப்போகிறாய் அல்லவா? சேதாரம் என்ற கட்டத்தை எடுத்துவிடச் சொல். அந்த இடத்தில் ‘வேலை’ என்று அச்சடித்தால் போதும்.

அன்புடன்,
உன் வேலையைக் கவனிக்கும் ஒருவர்