சட்னி சுடுமா?

ஆண்டிமடம் கடைத்தெருவில் இட்லிக்கு ஆறிப்போன காரச் சட்னியைத் தொட்டுக்கொண்டாலும், "அப்பா, எரிகிறதே!" என்று அலறுகிறோம். அச்சட்னியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். சூடே காட்டாது. அப்படியானால் நாக்கு பொய் சொல்கிறதா?

நாக்கின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் புரதம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 43° செ. வெப்பத்தில் அது திறந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயிலுள்ள காப்சைசின் சூடில்லாமலே அதைத் திறந்துவிடுகிறது! இப்புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காப்சைசின் நீரில் எளிதில் கரையாது. ஆகவே காரத்துக்குத் தண்ணீரைவிடப் பாலோ மோரோ நல்லது. அவற்றிலுள்ள கேசீன் அதைப் பற்றிக்கொள்ளும்.

மாணவர்களே, கண்ணிலும் இதே புரதம் உண்டு. மிளகாய் கிள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்!