கருத்தரங்குக்குப் போகும் பிள்ளைகளுக்கு

கல்லூரிக் கருத்தரங்குகளில் இப்போது 'படைப்பாக்கம்' என்று ஓர் அமர்வைத் தவறாமல் வைத்துவிடுகிறார்கள். எழுத ஆசைப்பட்டு அங்கே போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

1. குத்துவிளக்கு, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடியப் பதினொரு மணி ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள். மத்தியான அமர்வுக்குக் கட்டாயம் இருங்கள். பாதிப்பேர் சான்றிதழோடு பஸ் ஏறிய பிறகுதான் எழுத்தாளர் மேடைப்பேச்சை விட்டுவிட்டு மனசுவிட்டுப் பேசுவார்.

2. 'எழுத்து ஒரு தவம்' போன்ற வாக்கியங்களைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். எந்த நேரத்தில் எழுதுகிறார், எத்தனை தடவை திருத்துகிறார், எதை வெட்டி எறிந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கேள்வி நேரத்தில் "கதைக்குக் கரு எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்காதீர்கள். அதற்குத் தயார் பதில் எல்லோரிடமும் உண்டு. அவருடைய ஒரு கதையையாவது படித்துவிட்டுப் போங்கள். "அந்தக் கிழவியை இரண்டாம் பத்தியிலேயே ஏன் சாகடித்தீர்கள்?" என்று கேளுங்கள். மனுஷர் கொஞ்சம் திணறுவார். பிறகு சொல்வதுதான் உங்களுக்குப் பாடம். (மைக்கைப் பிடித்துச் சொந்தக் கவிதை வாசிப்பவர்களைப் பற்றி நான் வாய் திறப்பதாக இல்லை.)

4. பட்டம் இல்லையே என்று கூசவேண்டாம். கி. ராஜநாராயணன் கல்லூரியில் படித்தவரல்லர்; கரிசல் காட்டு விவசாயி. அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது. அதற்காகப் படிக்காமல் இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊர்ச் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தவர் அவர்.

5. பேராசிரியர்களைக் கேலி பேசுவது இளம் எழுத்தாளர்களுக்கு வருகிற ஒரு வியாதி. கோட்பாடு கதை எழுதித் தராது, சரி. ஆனால் நீங்கள் புதுசு என்று நினைப்பதைப் புதுமைப்பித்தன் 1948-இல் கண்மூடுவதற்கு முன்பே செய்துவிட்டார் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

6. வாசலில் மேசை போட்டிருக்கும் சிறுபதிப்பாளரிடம் ஒரு புத்தகமாவது காசு கொடுத்து வாங்குங்கள். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றவர்.

7. வருஷத்துக்கு இரண்டு கருத்தரங்கு தாராளம். கையில் இருக்கிற கதையை முடித்துவிட்டு அடுத்த அழைப்பிதழைப் பிரியுங்கள்.