கல்லாப் பெட்டியில் ஒரு பாடம்

கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கடையே முதற் பள்ளிக்கூடம் என்பதை நம் பாட்டனார் காலத்தில் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்றோ நாம் காலையில் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்புகிறோம். பாலர் பள்ளியில் ஆங்கிலம் பேசும் பிள்ளை வீட்டிலும் அதையே பேசுகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேரே. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டுவிட்டது.

கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் உள்ளது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெறவேண்டும். நான் சொல்ல வந்தது அதுவன்று. அதற்கு முந்திய நான்கு, ஐந்து வயதுப் பிராயத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

கல்லாவிலிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை எடுங்கள். அதில் நாட்டுச் சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளில் 'சிங்கப்பூர்' என்று பொறித்திருக்கும். "நம் எழுத்து எது, கண்டுபிடி பார்க்கலாம்" என்று பிள்ளையிடம் கேளுங்கள். கண்டுபிடித்ததும் எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் ஆறு, அவற்றுள் புள்ளி வைத்தவை மூன்று. இடையிலுள்ள 'பூ' தனியே நின்றாலும் ஒரு சொல்லாகும் என்று காட்டினால் பிள்ளைக்கு ஒரே சிரிப்பு! காசு கையில் இருக்கும்போது பாடப் புத்தகம் எதற்கு?

2013 முதல் வெளிவந்த நாணயங்களின் மறுபக்கத்தில் படங்களும் உண்டு. பத்துக் காசில் அடுக்குமாடி வீடு, இருபது காசில் சாங்கி விமான நிலையம், ஐம்பது காசில் துறைமுகம். படத்தைப் பார்த்துப் பிள்ளை கதை சொல்லட்டும், தமிழில்.

எண்ணுவதும் தமிழில்தான். நம் எண்களில் பிள்ளைகள் இடறும் இடம் ஒன்று உண்டு: ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். ஓதி ஓதி மனனம் செய்வித்தால் மறுநாளே குழம்பும். பத்துக் காசு ஒன்பதை வரிசையாக வையுங்கள். அது தொண்ணூறு காசு. பத்தாவதை வைத்ததும் நூறு காசு, அதாவது ஒரு வெள்ளி. ஒரு வெள்ளி நாணயம் ஒன்பதை வைத்தால் தொள்ளாயிரம் காசு. கையால் நகர்த்திப் பார்த்த கணக்கு எளிதில் மறக்காது.

மளிகைக் கடையாயின் இன்னும் வசதி. கண்ணை மூடச் சொல்லிச் சோம்பையும் சீரகத்தையும் முகரக் கொடுங்கள். கடலை, உளுந்து, வாழைப்பழம் ஆகிய மூன்றையும் எடுத்துவரச் சொன்னால் ல, ள, ழ மூன்றும் வாயில் வந்துவிடும். நூறு கிராம் பொட்டலம் பத்தைத் தராசில் ஏற்றினால் ஒரு கிலோ. எண்ணைப் பார்க்குமுன் கையில் தூக்கி எடையை ஊகிக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்லாச் சாவி அத்தாவின் இடுப்பில் அல்லவா இருக்கிறது! கூட்டம் குறைந்த வேளையில் பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை அலுத்துக்கொண்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இது வேலை வாங்குவதன்று.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் நாணயமோ கடலையோ கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். மிளகாய் மூட்டைப் பக்கமும் விடாதீர்கள். காசு தொட்ட கையைக் கழுவிய பிறகே தின்பண்டம்.