பிள்ளைகளோடு நடக்கப் போகிறீர்களா: புளியந்தீவா, காலியா, கண்டியா?

லீவு விட்டதும் கல்முனைப் பக்கம் குடும்பம் குடும்பமாக வேன் பிடிப்பார்கள். ஒரே மூச்சில் நாலைந்து ஊர். இறங்கு, படம் எடு, ஏறு. பழைய நகரமொன்றைப் பிள்ளை தன் காலால் அளந்து பார்க்க அதில் இடமே இல்லை. வேனை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கத் தோதான ஊர்கள் என்று பார்த்தால், நம் கரையிலிருந்து மூன்றைச் சொல்லலாம்: மட்டக்களப்பின் புளியந்தீவு, காலிக் கோட்டை, கண்டி. எது பேர் பெற்றது என்று பார்த்துத் தெரிவு செய்ய வேண்டாம். உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும், என்ன கேள்வி கேட்கும் என்று பாருங்கள்.

பத்து வயதுக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், புளியந்தீவு. நாற்பது கிலோமீற்றர் அளவுதான். காலையில் பஸ் ஏறினால் மஃரிபுக்கு வீட்டில் நிற்கலாம். வாவி சூழ்ந்த தீவு என்பதால் எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் தண்ணீர்தான். பிள்ளைக்கு அது பெரிய தைரியம். கோட்டையும் சின்னது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்குப் போன முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். யார் கட்டினது, யார் பிடித்தது, எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்கும் மூன்று கேள்விக்கும் சுவரைக் காட்டியே பதில் சொல்லலாம். பின்னாளில் கச்சேரியாக இயங்கியதும் இதே கோட்டைதான். உம்மும்மாமாரைக் கூட்டிப் போனால் காணி உறுதிக்கும் பென்சனுக்கும் இங்கே வந்து காத்திருந்த கதையைச் சொல்லக்கூடும், அதுவும் வரலாறுதான்.

கோட்டையிலிருந்து காந்திப் பூங்கா, 1814இல் வில்லியம் ஓல்ட் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி என்று நடந்தால் போதும். வெயில் ஏறிவிடும். நடுப்பகலைக் காத்தான்குடி பூர்வீக நூதனசாலைக்கு ஒதுக்குங்கள். கூரை நிழலில் நின்றபடி நம் பழைய வாழ்க்கையைப் பார்க்கலாம். அஸருக்குப் பிறகு கல்லடிப் பழைய இரும்புப் பாலம். புதுப் பாலம் 2013இல் திறந்தபின் பழையதில் நடப்பது இலேசாகிவிட்டது. கீழே வாவியில் மீன் பாடுகிறது என்பது நாடறிந்த கதை. நிலாக் காலத்து இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் இறக்கி மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். எது பாடுகிறது என்று பிள்ளை கேட்டால் மீனா, சிப்பியா என்று இன்னும் முடிவாகவில்லை என்றே சொல்லுங்கள். விடை தெரியாத கேள்வி ஒன்று நம் வாவிக்குள் கிடக்கிறது என்பதே பிள்ளைக்குப் பெரிய சந்தோசம்.

காலி வேறு கணக்கு. தீவின் மறுகோடி, இரண்டு இரவாவது தங்காமல் போவது பிள்ளையை வதைப்பதுதான். ஆனால் ஒன்பது பத்து வயது தாண்டிய பிள்ளைக்கு இலங்கையில் இதைவிட நல்ல நடை நகரம் இல்லை என்பேன். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த கோட்டை. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், அவர்களில் முஸ்லிம்கள் கணிசமானவர்கள். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் அலைய வேண்டியதில்லை. வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளி. வெள்ளை நிறம், இரு பக்கமும் கோபுரம், பார்த்தால் சேர்ச் மாதிரி. ஏன் இப்படி என்று எந்தப் பிள்ளையும் கேட்கும்.

பழைய வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் அரச சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கம்பெனியின் சின்னம்: இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல். சேவலை முதலில் கண்டுபிடிப்பது யார் என்று விட்டுவிடுங்கள். ஒரே வாசல், இரண்டு முகம், இரண்டு ஆட்சி; பாடப் புத்தகத்தில் பல பக்கம் எடுப்பது அங்கே அரை நிமிடத்தில் விளங்கும்.

மதில்மேல் நடக்கும்போது சின்னவர்களின் கையை விட வேண்டாம். பல இடத்தில் தடுப்பே இல்லை, கீழே பாறை. அந்த மதிலில் நின்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26இல் வெளியே காலி நகரத்தைக் கடல் அள்ளியபோது கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரும்பாலும் காத்தது இந்தச் சுவர்தான். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அன்று எத்தனை வீட்டில் ஜனாஸா என்பதைக் கேட்டே வளரும் பிள்ளைகள் இவர்கள். கனமான பேச்சுத்தான், ஆனால் கடலைப் பார்த்தபடி வாப்பாவோ உம்மாவோ சொல்ல வேண்டியது.

கண்டி மற்ற இரண்டளவுக்கு நடக்கத் தோதில்லை. ஏரியைச் சுற்றினாலே மூன்று கிலோமீற்றருக்கு மேல். அதன்பின் ஏற்றம், வாகனம், புகை. ஆனாலும் பதின்மூன்று, பதினாலு வயதில் ஒருமுறை கூட்டிப் போக வேண்டும். 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் ஏற்றுக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினான். நாம் இந்தக் கரையில் வேர்பிடித்த கதையில் அந்த மலை அரசுக்கும் பங்குண்டு என்பது விளங்கும் வயது அது.

காலமும் பார்க்க வேண்டும். டிசம்பர் மாரியில் நம் பக்கம் மழை கொட்டும்போது காலியில் வெயில் காயும். ஆகஸ்டில் அங்கே கடல் கொந்தளிக்கும், மழையும் வரும். இங்கே கச்சான் காற்று அடித்தாலும் காலை பத்து மணிவரை புளியந்தீவில் நடக்கலாம். ஆகவே டிசம்பர் லீவு காலிக்கு, ஆகஸ்ட் லீவு மட்டக்களப்புக்கு.

பள்ளிக்கூடம் தொடங்காத பிள்ளை என்றால் பயணமே வேண்டாம். கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளி முன்னால் ஒரு காலை நடை போதும்; நாகூர் ஆண்டகை பேரில் கொடியேற்றம் நடக்கும் ஜமாதுல் ஆகிர் மாதமென்றால் இன்னும் நல்லது. அடுத்த நாள் மருதமுனையில், நெய்கிறவர் வீட்டில் கேட்டுக்கொண்டு, கைத்தறியில் சாரன் நெய்வதைக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, காலையிலேயே போங்கள்.