அச்சு யந்திரமும் நெட்வொர்க்கும்

கேள்வி: காரியாலயங்களில் உள்ள லேசர் பிரிண்டர்கள் யாவும், ஒரு கம்ப்யூட்டரின் தயவின்றித் தாமே நெட்வொர்க்கில் இணையும் வசதியைப் பெறுவது எப்போது?

பதில்: இதை வருங்காலத்தின் அதிசயமாகத் தாங்கள் கருதினாலும், சரித்திரத்தை நோக்கினால் லேசர் பிரிண்டரும் நெட்வொர்க்கும் ஏறக்குறைய உடன்பிறந்தவை என்பது விளங்கும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் கேரி ஸ்டார்க்வெதர் அமைத்த லேசர் யந்திரத்தைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற அவசியமே, 1973-இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் என்னும் நெட்வொர்க் முறையைச் சிந்திப்பதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. 1984-இல் வந்த எச்.பி. லேசர்ஜெட் தன்னுடன் கேபிளால் பிணைக்கப்பட்ட கம்ப்யூட்டருக்கே ஊழியம் செய்தது. மறு வருஷமே ஆப்பிளின் லேசர்ரைட்டர், பல மாக்கின்டாஷ்கள் பகிர்ந்துகொள்ளும்படி ஆப்பிள்டாக் இணைப்பை உள்ளே கொண்டே பிறந்தது. 1991-இல் லேசர்ஜெட் 3எஸ்ஐ, ஈதர்நெட் அட்டையைத் தன் உடலுக்குள்ளேயே ஏற்றுக்கொண்டது.

ஆகவே தடை விஞ்ஞானத்தில் இல்லை, விலையில்தான் இருக்கிறது. மலிவான மாடல்களில் யூ.எஸ்.பி. வாயிலை மட்டும் வைத்து, நெட்வொர்க்கை உயர்ந்த மாடலுக்கு ஒதுக்கும் வர்த்தக வழக்கம் உள்ளவரை, ‘யாவும்’ என்ற தங்கள் சொல் பூர்த்தியாகாது என்பதே என் அபிப்பிராயம்.

ஒரு பிரிண்டரை நால்வர் உபயோகிக்கும் இடமெனில், நெட்வொர்க் உள்ள மாடலையே வாங்குங்கள். ஒருவருடைய கம்ப்யூட்டர் அணைந்ததும் மற்ற மூவரின் காரியம் நிற்கும் சங்கடம் நீங்கும். இணைத்த அன்றே, ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மறவாமல் மாற்றிவிடுங்கள்.