எந்த விக்ராந்த் என்று கேளுங்கள்

ஓய்வுபெற்ற போர்க்கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டுவது கடற்படைகளின் பழைய வழக்கம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போலத்தான். செய்தி எழுதுபவர்களும் வினாடி வினா தயாரிப்பவர்களும் தாத்தாவின் வீரத்தைப் பேரன் கணக்கில் எழுதிவிடுவதுதான் சிக்கல். அவர்களுக்காகச் சில:

செய்ய வேண்டியவை

• பெயரோடு ஆண்டையும் சொல்லுங்கள். முதல் விக்ராந்த், பிரிட்டன் பாதி கட்டி நிறுத்திவைத்திருந்த ஹெர்குலிஸ் என்ற கப்பல். அதை வாங்கி முடித்து 1961 மார்ச்சில் நம் கடற்படையில் சேர்த்தார்கள். 1971 போரில் சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது குண்டு வீசிய விமானங்கள் அதிலிருந்துதான் கிளம்பின. 1997இல் ஓய்வு; பிறகு மும்பையில் அருங்காட்சியகம்; 2014இல் உடைத்துவிட்டார்கள். அதன் இரும்பு கொஞ்சம் பஜாஜ் மோட்டார் சைக்கிளுக்குப் போனது. இப்போதுள்ள விக்ராந்த் கொச்சியில் கட்டப்பட்டது. 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்ந்தது. பக்கவாட்டு எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் ஆர் 11தான்!

• மூழ்கிய கப்பலின் பெயர் வந்தால் அதன் கதையையும் ஒரு வரியாவது சொல்லுங்கள். நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் குக்ரி. 1971 டிசம்பர் 9 இரவு, தியூ கடற்பகுதியில் அப்படியொரு வேட்டையில் இருந்தபோது, தேடப்பட்ட பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோரே அதை டார்ப்பிடோவால் அடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு வெளியேறாமல் அதோடு மூழ்கினார். மகாவீர் சக்கரம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 1989இல் மும்பை மசகான் கப்பல்தளத்தில் உருவான புதிய கார்வெட்டுக்கு அதே பெயர். அதன் வரிசைக் கப்பல்கள் எல்லாமே ‘குக்ரி வகை’ என்று அழைக்கப்பட்டன. தோற்றுப்போன சண்டையில் மூழ்கிய கப்பலின் பெயரை ஒரு வகைக்கே சூட்ட ஒரு கடற்படைக்குத் துணிச்சல் வேண்டும் என்பேன். அந்த இரண்டாவது குக்ரி 2021 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் ஓய்வுபெற்றதும், முதல் குக்ரியின் நினைவிடம் உள்ள தியூவுக்கே அனுப்பப்பட்டது.

• ‘நீலகிரி வகை’ என்று எழுதினால் எந்த நீலகிரி என்று சேர்த்து எழுதுங்கள். 1972இல் தொடங்கிய ஃப்ரிகேட் வரிசையில் நீலகிரி, ஹிம்கிரி, உதயகிரி, துனாகிரி, தாராகிரி, விந்தியகிரி என்று ஆறு. 2025 ஜனவரியில் புதிய நீலகிரியுடன் தொடங்கிய வரிசையில் ஏழு. அந்த ஆறு பெயர்களும் அப்படியே திரும்ப வந்திருக்கின்றன. ஏழாவதான மகேந்திரகிரிக்கு மட்டும் பழைய வரிசையில் முன்னோர் கிடையாது. வினாடி வினாவுக்கு நல்ல கேள்வி.

• ஓய்வுபெற்ற கடற்படைக்காரரைப் பேட்டி எடுத்தால், எந்த ஆண்டுகளில் அந்தக் கப்பலில் இருந்தார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

• பெயர் ஒன்றுதானே, கப்பல் வகையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள். பழைய மைசூர் பிரிட்டனிடம் வாங்கிய க்ரூஸர். இன்றைய மைசூர் டிஸ்ட்ராயர். ஜட்லாண்டில் சண்டையிட்ட பிரிட்டனின் வார்ஸ்பைட் மாபெரும் பீரங்கிக் கப்பல்; அதற்கு அடுத்து அந்தப் பெயரைத் தாங்கியது ஓர் அணுசக்தி நீர்மூழ்கி. அங்கே பெயரோடு முன்னோர் வென்ற போர்ச்சிறப்புகளும் புதிய கப்பலுக்கு வந்து சேரும், 1596 காடிஸ் சண்டை உட்பட. அந்த விதியை அப்படியே எல்லா நாட்டுக்கும் பொருத்திவிடாதீர்கள்.

• மூழ்கிய கப்பலின் பெயர் ராசியில்லாதது என்று எழுதாதீர்கள். 1942இல் மட்டும் அமெரிக்கா லெக்சிங்டன், யார்க்டவுன், வாஸ்ப், ஹார்னெட் என்று நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. வேறு பெயர்களில் கட்டிக்கொண்டிருந்த நான்கு கப்பல்களின் பெயரை மாற்றி, அதே போரில் நான்கு பெயர்களையும் கடலுக்கு அனுப்பினார்கள். லெக்சிங்டன் பெயரைக் கேட்டு மனுக் கொடுத்தவர்கள் குவின்சி கப்பல்தளத் தொழிலாளர்கள்.

• அதற்காக, வைத்த பெயர் மாறவே மாறாது என்றும் சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியின் பெயரையே தாங்கிய டாய்ச்லாந்து என்ற கப்பல் மூழ்கினால் நாடே மூழ்கியதாகப் பேச்சு வரும் என்று ஹிட்லர் அஞ்சினார். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களில் அது லூட்சோவ் ஆகிவிட்டது. பிரிட்டன் கட்டிக்கொண்டிருந்த அஜின்கோர்ட் நீர்மூழ்கி 2025 ஜனவரியில் அக்கிலிஸ் ஆனது. அஜின்கோர்ட் பிரான்ஸ் தோற்ற போர்க்களம் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

• கடலில் இறக்கியதுமே ‘ஐ.என்.எஸ்.’ என்று போட்டுவிடாதீர்கள். முறைப்படி பணியில் சேர்ந்த பிறகுதான் அந்த முன்னொட்டு. புதிய விக்ராந்த் 2013 ஆகஸ்டில் நீரில் இறங்கியது. பணியில் சேர 9 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்துச் செய்தியில் வெறும் விக்ராந்த் போதும்.