முட்டைக்கும் ஈஸ்டருக்கும் என்ன உறவு?

கேள்வி: ஈஸ்டர் முட்டை பற்றி வேதாகமத்தில் ஒரு வரிகூட இல்லையே, இந்த வழக்கம் எப்படி வந்தது? உக்ரைன்காரர்கள் சித்திரம் வரைந்த முட்டையை வேகவைக்காமலேயே வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்களாம். நாறாதா?

பதில்: வேதாகமத்தில் இல்லைதான். இது அடுப்படி வழியாக வந்த வழக்கம். இடைக்கால ஐரோப்பாவில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் முழுக்க இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு நோன்பு தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டரன்று விருந்துக்கும் அன்பளிப்புக்கும் போயின. 1290-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், அலங்கரித்துப் பரிவாரத்துக்குக் கொடுக்க 450 முட்டைக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறது. முட்டை இயேசுவின் கல்லறைக்கு அடையாளம் என்பார்கள். அழகான விளக்கம்தான், இருந்தாலும் நோன்புக் கணக்குக்கே என் ஓட்டு.

நீங்கள் சொல்லும் உக்ரைன் முட்டை 'பிசங்கா'. சாப்பிடுவதற்கென்று வேகவைத்து ஒரே நிறம் ஏற்றுவது வேறு, அது 'கிராஷங்கா'. பிசங்காவுக்குப் பச்சை முட்டைதான். குச்சி முனையில் கட்டிய சின்னஞ்சிறு உலோகப் புனலை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, அதில் உருகும் தேன்மெழுகால் கோடு இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அதனால் எது வெள்ளையாக நிற்கவேண்டுமோ அதை முதலில் மூடவேண்டும். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கி, மஞ்சளாக நிற்கவேண்டியதை மூடவேண்டும். அடுத்து சிவப்பு, கடைசியில் கறுப்பு. பாத்திக் துணி போடுகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மெழுகை எடுக்கும்வரை முட்டை பார்க்கச் சகிக்காது. சுடரின் ஓரமாகக் காட்டி, இளகிய மெழுகைத் துணியால் துடைக்கத் துடைக்கத்தான் எல்லா நிறமும் வெளியே வரும். 2024-இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நாற்றத்துக்கு வருகிறேன். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியே ஈரம் மெல்ல மெல்ல வெளியேறி, சில வருடங்களில் உள்ளே கரு காய்ந்து இறுகிவிடும். காற்றோட்டம் வேண்டும், விரிசல் கூடாது. வெயிலில் வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடித்தாலும் வெடிக்கும். அப்புறம் அந்த அறைக்குள் யாரும் போகமுடியாது. இந்தத் தொல்லையே வேண்டாமென்று இப்போது பலர் சிறு துளையிட்டுக் கருவை ஊதி எடுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் செய்துபார்க்க ஆசையா? கடையில் விற்கும் வெள்ளை முட்டை வாங்குங்கள். பழுப்பு ஓட்டில் மஞ்சள் எடுபடாது. மஞ்சள்தூள் கொதித்த தண்ணீர், வெங்காயத் தோல் கொதித்த தண்ணீர் இரண்டும் போதும். ஆறியபின் கொஞ்சம் வினிகர் விட்டால் சாயம் நன்றாகப் பிடிக்கும்.